ஆர்எக்ஸ்-7: முதல் காசை எங்கே போட்டார்கள்?

ஆர்எக்ஸ் என்றதும் நம்மூரில் பாதிப் பேருக்கு யமஹா ஆர்எக்ஸ் 100 தான் ஞாபகம் வரும். இந்தப் பதிவு அதைப் பற்றி அல்ல. ஜப்பானின் மஸ்டா நிறுவனம் 1978-ல் கொண்டுவந்த ஆர்எக்ஸ்-7 என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி. வீடியோ கேம் ஆடியவர்களுக்கும் 'இனிஷியல் டி' பார்த்தவர்களுக்கும் அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: பிஸ்டனே இல்லாத இன்ஜினோடு, மொத்தம் எட்டு லட்சத்துக்கும் மேல் தயாரான கார் அது.

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இன்ஜின் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் எடுத்துக்கொண்டது ஒரு செலவுக் கணக்கு. பழைய ஆர்எக்ஸ்-7 வாங்கியவர்கள், "வேகத்தைக் கூட்ட வேண்டும்" என்று முடிவு செய்ததும் முதல் காசை எங்கே போட்டார்கள்? எங்கே போட்டவர்கள் பிழைத்தார்கள்? அதைத் தேடிப் போனால் 1960-களில் மஸ்டா பட்ட பாட்டில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

பிஸ்டன் இல்லாத இன்ஜின்

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். வால்வுகள் திறந்து மூடும். ரோட்டரி இன்ஜினில் இரண்டும் கிடையாது. நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய ஒரு கூடு. அதற்குள் முக்கோண வடிவில் ஒரு ரோட்டார் சுற்றும். அதன் மூன்று முனைகளும் எப்போதும் கூட்டின் சுவரை உரசியபடியே போகும். ரோட்டாருக்கும் சுவருக்கும் நடுவில் உண்டாகும் மூன்று அறைகளில்தான் உறிஞ்சுவது, அழுத்துவது, எரிப்பது, வெளியே தள்ளுவது எல்லாம் நடக்கும். ரோட்டார் ஒரு முறை சுற்றினால் தண்டு மூன்று முறை சுற்றும். ஆக, மீட்டரில் 7000 ஆர்பிஎம் காட்டும்போது ரோட்டார் சுற்றுவது 2333 முறைதான். அதனால்தான் அவ்வளவு வேகத்திலும் அதிர்வே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

வால்வுக்குப் பதில் என்ன? துளைகள். ரோட்டார் சுற்றும்போது தானே துளையைத் திறந்து, தானே மூடிவிடும். நம்ம ஆர்எக்ஸ் 100-ல் சிலிண்டர் சுவரில் இருக்கும் துளைகளை பிஸ்டன் மூடித் திறப்பதை யோசித்தால் புரிந்துவிடும். (கடைசியில் யமஹாவை இழுத்தே விட்டேன் :-))

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதில் இரண்டு வினைகள் உண்டு.

ஒன்று, அந்த மூன்று முனைகள். அங்கே பொருத்தும் மெல்லிய சீல்கள்தான் ஒரு அறையின் வாயு அடுத்த அறைக்குப் போகாமல் தடுக்கின்றன. இவற்றை அபெக்ஸ் சீல் என்பார்கள். அவை போனால் இன்ஜின் போச்சு.

இரண்டு, சூடு. பிஸ்டன் இன்ஜினில் ஒரே இடத்தில் குளிர்ந்த காற்றும் வரும், நெருப்பும் எரியும். அதனால் சூடு கொஞ்சம் சமனாகும். ரோட்டரியில் எரிவது எப்போதும் கூட்டின் ஒரு பக்கத்தில்தான். குளிர்ந்த காற்று வருவது எப்போதும் எதிர்ப்பக்கத்தில். ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் நிழல். அளவுக்கு மீறிச் சூடானால் கூடு நெளியும், கூலன்ட் நீரைத் தடுக்கும் ரப்பர் சீல்கள் கருகும்.

இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க இவைதான்.

சாத்தானின் நகக்கீறல்

இந்த இன்ஜினுக்கு மூலம் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபெலிக்ஸ் வாங்கல். என்எஸ்யு நிறுவனத்தில் அதன் முதல் மாதிரி 1957-ல் ஓடியது. உலகத்தில் பல கம்பெனிகள் உரிமம் வாங்கப் போட்டி போட்டன. ஹிரோஷிமாவில் இருந்த டோயோ கோக்யோவும் 1961-ல் வாங்கியது. இன்று நாம் மஸ்டா என்று சொல்வது இந்தக் கம்பெனியைத்தான். அப்போது ஜப்பான் அரசு சின்னக் கார் கம்பெனிகளைப் பெரியவற்றோடு சேர்த்துவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம். வேறு யாரிடமும் இல்லாத ஒரு பொருள் கையில் இருந்தால்தான் தனியாக நிற்க முடியும் என்பது தலைவர் சுனேஜி மட்சுடாவின் கணக்கு.

1963-ல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட ஆராய்ச்சிப் பிரிவு அமைந்தது. தலைவனுக்காகப் பழிவாங்கிய 47 சாமுராய்கள் பற்றி ஜப்பானில் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. அதை வைத்து இவர்களையும் அப்படியே அழைத்தார்கள்.

இன்ஜினை ஓட்டிப் பிரித்துப் பார்த்தால் கூட்டின் உள்சுவரில் வரிவரியாகக் கீறல்கள். சீல்கள் வழுக்கிக்கொண்டு போகாமல் துள்ளித் துள்ளிப் போனதால் வந்தவை. 'சாத்தானின் நகக்கீறல்' என்று பெயர் வைத்தார்கள். சீலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் துளை போட்டு அது அதிரும் விதத்தையே மாற்றிப் பார்த்தார்கள். கீறல் குறைந்தது. பிறகு கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்துச் செய்த சீல் வந்தது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. 982 சிசி, 110 குதிரைத்திறன்.

அதே 1967-ல் என்எஸ்யு தன் ஆர்ஓ 80 காரைக் கொண்டுவந்தது. 1968-ம் ஆண்டின் சிறந்த கார் என்ற ஐரோப்பிய விருதும் கிடைத்தது. ஆனால் சீல்கள் சீக்கிரம் தேய்ந்தன. உத்தரவாதம் கொடுத்திருந்ததால் கம்பெனியே இன்ஜின் இன்ஜினாக மாற்றிக்கொடுக்க வேண்டிவந்தது. ஆர்ஓ 80 வைத்திருக்கும் இருவர் சாலையில் எதிரெதிரே சந்தித்தால் இதுவரை எத்தனை இன்ஜின் மாற்றினோம் என்று விரலைக் காட்டி வணக்கம் சொல்வார்களாம். சிரிப்பான கதைதான், ஆனால் முடிவு சிரிப்பல்ல. 1969-ல் என்எஸ்யு ஃபோக்ஸ்வாகனின் ஆட்டோ யூனியனோடு இணைக்கப்பட்டு, தனிக் கம்பெனி என்ற அந்தஸ்தை இழந்தது.

ஒரே இன்ஜின், இரண்டு கம்பெனி. ஒன்று சீல் பிரச்சினையை முதலில் தீர்த்துவிட்டு விற்றது. மற்றது விற்றுவிட்டுத் தீர்க்கப் பார்த்தது. நம் அக்கவுண்டன்சி பாடத்தில் இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

கடனும் மைலேஜும்

மஸ்டாவுக்கும் அடி விழுந்தது, ஆனால் வேறு பக்கத்திலிருந்து. 1973-ல் எண்ணெய் நெருக்கடி. அமெரிக்க அரசின் சோதனையில் மஸ்டா ரோட்டரி கார்கள் நகரத்தில் ஒரு கேலனுக்குப் பத்து மைல் அளவில்தான் கொடுத்தன. நம் கணக்கில் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் சொச்சம். யார் வாங்குவார்கள்? கார்கள் தேங்கின. சுமிட்டோமோ வங்கி தன் ஆட்களை நிர்வாகத்தில் உட்காரவைத்துக் கம்பெனியைக் காப்பாற்றியது. தொழிற்சாலை ஊழியர்களையே கார் விற்க அனுப்பினார்கள்.

ரோட்டரியை அத்தோடு மூடியிருக்கலாம். யமமோட்டோவும் மற்றவர்களும் எரிபொருள் செலவை நாற்பது சதவீதம் மேம்படுத்துவோம் என்று 'ஃபீனிக்ஸ்' என்று பெயரிட்டு உழைத்தார்கள். அதன் பலனாக 1978 மார்ச்சில் வந்ததுதான் ஆர்எக்ஸ்-7.

1146 சிசி 12ஏ இன்ஜின். ஜப்பானில் 130 குதிரைத்திறன் என்றார்கள், அமெரிக்காவில் 100 என்றார்கள். அளக்கும் முறை வேறு, புகைக் கட்டுப்பாடும் வேறு. காரின் எடை ஏறக்குறைய ஒரு டன்தான். இன்ஜின் சின்னதாக இருந்ததால் முன் சக்கரங்களுக்குப் பின்னால் தள்ளி வைக்க முடிந்தது. எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்ததால் வளைவுகளில் கார் சொன்னபடி கேட்டது. 1979 பிப்ரவரியில் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதல் இடம், மொத்தத்தில் ஐந்தாம் இடம். 1981-ல் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் மொத்தத்திலேயே முதல் இடம்.

காரின் உடம்பு பந்தயத்துக்குத் தயார். சாலையில் ஓடிய காரின் இன்ஜின் மட்டும் புகைச் சட்டத்துக்காகக் கட்டிப்போடப்பட்டிருந்தது. இங்கேதான் வாங்கியவர்கள் கையில் ஸ்பேனர் எடுத்தார்கள்.

முதல் இடம்: புகை போகும் வழி

ரோட்டரியில் புகைத் துளைக்கு வால்வு இல்லை என்பதால் அது சட்டென்று திறக்கும். வாயு மிகச் சூடாக, பெரும் சத்தத்தோடு வெளியே பாயும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கூடவே வரும். அதை எரிப்பதற்காக, 1979, 1980 அமெரிக்க கார்களில் இன்ஜினை ஒட்டி 'தெர்மல் ரியாக்டர்' என்று ஒரு கனமான வார்ப்பிரும்புப் பெட்டி வைத்திருந்தார்கள். உள்ளே காற்றைச் செலுத்தி மிச்சப் பெட்ரோலை அங்கேயே எரிக்கும் ஏற்பாடு. அந்தப் பெட்டி எரிய வேண்டும் என்பதற்காகவே இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுக்க வேண்டியிருந்தது. பானெட்டுக்குள் இன்ஜின் ஒரு அடுப்பு, பக்கத்தில் இது இன்னொரு அடுப்பு. 1981-ல் மஸ்டாவே இதை எடுத்துவிட்டு கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு மாறியது. மைலேஜும் கூடியது.

அதனால் பழைய ஆர்எக்ஸ்-7-ல் முதல் மாற்றம் என்றால் பெரும்பாலும் இதுதான்: ரியாக்டரை எடுத்துவிட்டு, இரண்டு ரோட்டாருக்கும் தனித்தனிக் குழாய் கொண்ட ஹெடர், அதற்கேற்ற சைலன்சர். உள்ளே எவ்வளவு காற்றைத் திணித்தாலும் பழைய புகை வெளியேறாவிட்டால் புதுக் காற்றுக்கு இடம் ஏது? அதனால்தான் புகைவழி முதலில், காற்றுவழி பிறகு என்ற வரிசை.

இந்தத் துறையில் தவிர்க்க முடியாத பெயர் ரேசிங் பீட். 1971-ல் கலிஃபோர்னியாவில் ஜிம் மெடெரர், தகாயுகி ஓகு இருவரும் ஆரம்பித்த கடை. பானவில் உப்புச் சமவெளியில் 1978-ல் ஆர்எக்ஸ்-7-ஐ மணிக்கு 183.904 மைல் ஓட்டினார்கள். கிட்டத்தட்ட 296 கிலோமீட்டர். 1986-ல் அடுத்த தலைமுறைக் காரை 238.442 மைலுக்குக் கொண்டுபோனார்கள். சாதாரணச் சைலன்சரின் உள்ளே இருக்கும் பஞ்சு ரோட்டரியின் சூட்டில் சீக்கிரம் எரிந்துபோகும். அதனால் ரோட்டரிக்கென்றே சைலன்சர் செய்ய வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போனால் தப்பு. புகைக் கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்துவிட்டு அமெரிக்கச் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். அதனால் அப்படிப்பட்ட பாகங்கள் பந்தயத்துக்கு மட்டும் என்ற குறிப்போடு விற்கப்பட்டன. அந்தக் குறிப்பை எத்தனை பேர் மதித்தார்கள் என்பது வேறு கதை.

இரண்டாவது இடம்: ஆயில் கூலர்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ரோட்டாரின் உள்பக்கத்தைக் குளிர்விப்பது தண்ணீர் இல்லை, இன்ஜின் ஆயில். இன்ஜினிலிருந்து எடுக்க வேண்டிய சூட்டில் கணிசமான பங்கை ஆயில்தான் சுமக்கிறது. ஆரம்பகால ஆர்எக்ஸ்-7-ல் முன்பக்கம் காற்று படும்படி ஒரு ஆயில் கூலர் இருந்தது. 1983-ல் அமெரிக்க 12ஏ கார்களில் அதை எடுத்துவிட்டு, கூலன்ட் நீரை வைத்தே ஆயிலைக் குளிர்விக்கும் சின்னக் கருவியை ஆயில் ஃபில்டருக்குக் கீழே வைத்தார்கள். அதன் வடிவத்தைப் பார்த்து அதற்கு 'தேன்கூடு' என்று பெயர். அமைதியாக ஓட்டினால் அது போதும். விரட்டி ஓட்டினால் ஆயிலின் சூடு தண்ணீருக்குப் போகும், தண்ணீரின் சூடு ரேடியேட்டரைத் திணறடிக்கும்.

அதனால் 1983 முதல் 1985 வரை உள்ள கார் வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய காரிலிருந்து முன்பக்க ஆயில் கூலரைக் கழற்றி வந்து புதிய காரில் மாட்டினார்கள். ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் கார்புரேட்டருக்கு முன்னால் இதைத்தான் செய்தார்கள்.

கூடவே இன்னொன்று. சீல்களுக்கு வழுவழுப்பு தருவதற்காக இந்த இன்ஜின் கொஞ்சம் ஆயிலைத் தெரிந்தே எரிக்கும். அதற்கென்று தனியாக ஒரு சின்ன பம்ப் உண்டு. "ஆயில் குடிக்கிறதே" என்று பதறி அந்தப் பம்ப்பை அடைத்தவர்கள் சீலைக் கொன்றார்கள். பம்ப்பை நம்பாதவர்கள் டூ-ஸ்ட்ரோக் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தார்கள். நம்மூர் பங்க்கில் 2டி ஆயில் ஊற்றிய தலைமுறைக்கு இது ஒன்றும் புதிதில்லை.

அதற்குப் பிறகுதான் மற்றவை

கார்புரேட்டர்: கம்பெனி கொடுத்த நிக்கி நான்கு-பேரல் கார்புரேட்டருக்குப் பதில் வெபர் அல்லது ஹோலி. பெரிய கார்புரேட்டர் போட்டால் பெட்ரோல் பம்ப்பையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்தவர்கள், வேகமாகப் போகும்போது பெட்ரோல் போதாமல் திணறினார்கள்.

இக்னிஷன்: ஒரு ரோட்டாருக்கு இரண்டு பிளக். 1979 காரில் பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர், அடுத்த ஆண்டே எலக்ட்ரானிக். பழைய காரில் புதியதைப் பொருத்துவது மலிவான, நல்ல மாற்றம்.

போர்ட்டிங்: இதுதான் ரோட்டரியின் ஸ்பெஷல். துளையின் விளிம்பைத் தேய்த்துப் பெரிதாக்கினால், பிஸ்டன் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் மாற்றிய பலன். கொஞ்சமாகத் தேய்த்தால் ஸ்ட்ரீட் போர்ட். நடுவில் பாலம் மாதிரி ஒரு பட்டையை விட்டு இன்னொரு துளை வெட்டினால் பிரிட்ஜ் போர்ட். நின்றுகொண்டிருக்கும்போதே 'பிராப் பிராப்' என்று விட்டுவிட்டு உறுமும் காரைக் கேட்டிருந்தால் அது பெரும்பாலும் இந்த ரகம்தான். ஆனால் இதற்கு இன்ஜினை முழுக்கப் பிரிக்க வேண்டும். முதல் மாற்றமாக யாரும் செய்யக்கூடாத வேலை.

வரிசை மாறினால் என்ன ஆகும்?

1985-ல் இரண்டாம் தலைமுறை வந்தது. 1308 சிசி 13பி இன்ஜின், டர்போவோடு. இங்கே பழைய பாடமே எதிரியானது. முதலில் சைலன்சர் என்ற பழக்கத்தில் டர்போ காருக்கும் தாராளமான எக்ஸாஸ்ட் போட்டார்கள். டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் துளை சின்னது. புகை தடையில்லாமல் ஓடியதும் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி அழுத்தம் தன்பாட்டுக்கு ஏறியது. அந்த அளவு காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை. கலவை எரிய வேண்டிய நேரத்துக்கு முன்னால் வெடித்தது. பிஸ்டன் இன்ஜின் இதைக் கொஞ்சம் தாங்கும். அபெக்ஸ் சீல் தாங்காது. உடைந்த சீலின் துண்டு புகைத் துளை வழியாகப் போய் டர்போவின் இறக்கையையும் பதம் பார்க்கும். மலிவாக ஒரு சைலன்சர் மாற்றப் போய், செலவு இன்ஜினும் டர்போவும்!

1991-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் இரட்டை டர்போ, 255 குதிரைத்திறன். அதன் சொந்தக்காரர்கள் பாடம் கற்றிருந்தார்கள். அவர்களுடைய முதல் பட்டியலைப் பாருங்கள்: கூலன்ட்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தொட்டி விரிசல் விடும், அதற்குப் பதில் உலோகத் தொட்டி. பெரிய ரேடியேட்டர். சூட்டில் காய்ந்துபோன வேக்குவம் குழாய்கள். டர்போ அழுத்தம் காட்டும் மீட்டர். நூறாயிரம் மைல் கனவோடு வாங்கியவர்கள் போட்ட பட்டியல் அது. இதில் வேகத்தைக் கூட்டும் பொருள் எதுவுமே இல்லை.

1991 ஜூனில் லே மான் பந்தயத்தில் நான்கு ரோட்டார் மஸ்டா 787பி, 24 மணி நேரத்தில் 362 சுற்று ஓடி வென்றது. அங்கேயும் இதுதான் சூத்திரம். வேகமான கார்கள் வேறு இருந்தன. அவை நின்றன, இது நிற்கவில்லை.

கணக்கு

பாடத்தில் முதலினச் செலவு, வருவாயினச் செலவு என்று படிக்கிறோம். சொத்தின் திறனைக் கூட்டினால் முதலினம், இருக்கிற நிலையில் காப்பாற்றினால் வருவாயினம். ஆயில் கூலர் எந்தத் தலைப்பில் வரும்? ஆயில் கூலர் இல்லாமல் கார்புரேட்டருக்குப் போட்ட காசு எந்தத் தலைப்பில் வரும்? இரண்டாவதற்கு எனக்கு விடை தெரியும்: நட்டம்.

ஆர்எக்ஸ்-7 தயாரிப்பு 2002-ல் நின்றுவிட்டது. முதல் தலைமுறைக் கார்களில் மிகப் புதியதுக்கே நாற்பது வயது. இன்று ஒன்றை வாங்குபவர் செய்ய வேண்டிய முதல் 'அப்கிரேடு' ஒரு சோதனைதான். ஒவ்வொரு ரோட்டாரின் மூன்று அறைகளிலும் கம்ப்ரஷன் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு அறையில் மட்டும் குறைந்தால் சீல் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எந்த ஹெடரும் உதவாது. 2020-ல் மஸ்டாவே இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கார்களுக்குச் சில பாகங்களை ஜப்பானில் மறுபடி தயாரித்துத் தர ஆரம்பித்தது. 2023-ல் எம்எக்ஸ்-30 காரில் பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஒற்றை ரோட்டார் இன்ஜினாக ரோட்டரி திரும்பியும் வந்தது. சக்கரத்தை அது சுற்றுவதில்லை. இருந்தாலும் உயிரோடு இருக்கிறது.

47 பேர் நான்கு வருடம் உட்கார்ந்து முதலில் தீர்த்தது சீலை, வேகத்தை அல்ல. அதற்குப் பிறகு கராஜில் தனியாக உட்கார்ந்து ஆயில் கூலரை மாற்றியவரும் அதையேதான் செய்தார். அவர் யமமோட்டோ பெயரைக் கேள்விப்படாமலே இருந்திருக்கலாம். அவருடைய கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது என் யூகம் :-)